அளவு யாருக்காக?

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது முன்னோர் வாக்கு. ஆனால் அந்த அளவை யாரை மனத்தில் வைத்துக் குறிப்பது? அன்புத் தோழியரின் சிந்தனைக்கு இக்கேள்வியை வைக்கிறோம்.

பயிரின் வளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும், காயைக் கனியாக்கவும் பயன்படும் இரசாயனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று எத்திபான். அதிலிருந்து வெளிப்படுவது எத்திலீன் வாயு. மாங்காய் தானே பழுக்கும்போது சுரப்பதும் இதே வாயுதான். நம் நாட்டில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கத் தடை உண்டு. எத்திலீன் வாயுவை மட்டும் குறித்த அளவில் பயன்படுத்தலாம். எத்திபான் கரைசலில் பழத்தை நேரே முக்கியெடுக்கக் கூடாது.

உணவில் தங்கும் எச்சத்திற்கும் வரம்பு உண்டு. விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவை ஆராய்ந்து, பொதுவாக அதை 100ஆல் வகுத்து, மனிதர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை அறிஞர்கள் கணிக்கின்றனர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்பதே அக்கணக்கு.

நாங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்பாவின் எடை 60 கிலோ; தங்கையின் எடை 12 கிலோ. இருவரும் ஆளுக்கொரு மாம்பழம் உண்டால், எடைக்கு எடை தங்கைக்குச் சேரும் எச்சம் ஐந்து மடங்கு! அவளோ ஒரு பழத்தோடு நிறுத்துபவள் அல்லள்.

அமெரிக்காவில் ஆப்பிளுக்குத் தெளித்த டாமினோசைடு பற்றி 1989இல் பெற்றோர் கலங்கியதும் குழந்தைகளை எண்ணியே. அவ்வாண்டே அதைத் தயாரித்த நிறுவனம் உணவுப் பயிர்களுக்கான விற்பனையை அங்கு நிறுத்தியது.

விவசாயியும் வியாபாரியும் பிழைக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். பிழைக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் தடை செய்யுங்கள் என நாங்கள் கூறவில்லை. வரம்பைக் குறிக்கும்போது வீட்டின் மிகச் சிறிய வயிற்றை முதலில் நினையுங்கள் என்கிறோம். ஏட்டில் எழுதிய அளவு தங்கையைக் காப்பாற்றாது; சந்தையில் பழத்தை எடுத்துச் சோதித்தால்தான் காப்பாற்றும். சோதனை முடிவைச் சந்தை வாசலிலேயே, எல்லோரும் படிக்கும் தமிழில், எழுதி வைக்கட்டும். சிறு வியாபாரிகள் முறையாகப் பழுக்க வைக்கப் பொதுக் கூடங்களும் அமைக்கட்டும்.

நம் பங்கும் ஒன்றுண்டு. பருவம் வருமுன்னே மஞ்சள் நிறப் பழம் கேட்டு அடம் பிடிப்பவர்கள் நாம்தானே? காத்திருக்கக் கற்போம், காய் தானே கனியட்டும்!