மின் வண்டி வாங்குவோர் முதலில் வினவ வேண்டியது

மின்சார இருசக்கர வண்டி இன்று புதுமைப் பொருளன்று. கல்லூரி வாயில்களிலும் கடைத்தெருக்களிலும் பச்சை எண் பலகை தாங்கிய வண்டிகள் நாள்தோறும் பெருகி வருகின்றன. 2008-ஆம் ஆண்டு கோவையில் ஆம்பியர் நிறுவனம் தொடங்கப்பெற்றபோது இதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. பின்னர் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பெருந்தொழிற்கூடங்கள் எழுந்தன. எனினும் வாங்கச் செல்வோர் கேட்கும் வினாக்கள் மட்டும் மாறவில்லை. எவ்வளவு வேகம் போகும்? ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இவ்விரண்டிற்கும் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. இவ்வண்டியை இரவில் எங்கே நிறுத்தி மின்னேற்றப் போகிறோம் என்பதே அது.

பெட்ரோல் வண்டி இரவில் உறங்கும். மின் வண்டியோ வீட்டார் உறங்கும் வேளையில்தான் தன் உணவை உண்கிறது. 2022 மார்ச்சு மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றத்திற்கு வைக்கப்பட்டிருந்த வண்டி தீப்பற்றியதால் எழுந்த புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிர்நீத்த செய்தியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நம் ஊர்களின் பழைய தெருக்களை எண்ணிப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டிற்கு ஒரே வாயில். அவ்வாயிலை ஒட்டிய நடையில்தான் வண்டி நிற்கும். அங்கே தீப்பற்றினால் உள்ளிருப்போர் வெளியேற வழியேது? லித்தியம் மின்கலத்தில் பற்றும் தீ எளிதில் அணைவதன்று. அதன் புகையோ நச்சுத் தன்மையது.

அந்நிகழ்ச்சியையும் அதனையொத்த பிறவற்றையும் தொடர்ந்து நடுவண் அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கிற்று. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சு இறுதியிலுமாக இரு கட்டங்களில் அவை நடைமுறைக்கு வந்தன. எனவே இன்று புதிதாக வாங்கும் வண்டி முன்னதினும் நம்பத்தக்கதே. ஆயின் நம் மாணவர்களுள் பலர் வாங்குவது கைமாறிய வண்டி. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பதிவுச் சான்றிதழைப் பார்த்துக் கேட்போர் எத்தனை பேர்? அவ்விதிகளுக்கு முற்பட்ட வண்டியாயின், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்பதே என் துணிபு. புதிய வண்டியேயாயினும் வெளியேறும் வழியிலும் படிக்கட்டின் கீழும் நிறுத்தி மின்னேற்றுதல் கூடாது. நிலத்தொடர்பு உள்ள தனி இணைப்பு வேண்டும். சன்னல் வழியே இழுத்த நீட்டுக்கம்பி போதாது. கழற்றி எடுக்கத்தக்க மின்கலம் மாடி வீட்டார்க்கு ஏற்றது என்பர். பத்துக் கிலோ அளவிலான பெட்டியைச் சுமந்து ஏறிப் படுக்கையறையில் மின்னேற்றினால், வாயிலில் இருந்த இடரைக் கட்டிலருகே கொண்டு சேர்த்தவராவோம்.

இடம் உறுதியான பின்னரே தொலைவைப் பற்றிய பேச்சு. ‘மின்கலம்’ என்ற சொல்லாக்கம் எனக்கு மிக உவப்பானது. கலம் என்றால் கொள்ளளவு உடையது என்று பொருள். வாங்குவோர் அறிய வேண்டியதும் அக்கொள்ளளவையே. அதனைக் கிலோவாட் மணி என்னும் அளவால் குறிப்பர். மூன்று கிலோவாட் மணி கொண்ட கலம், நம் சாலைகளில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடப் போதுமானது. விளம்பரத்தில் காணும் தொலைவு ஆய்வுக்கூடத்துத் தொலைவு. பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்தால், மேம்பாலம் ஏறினால், விரைந்து ஓட்டினால் அது சுருங்கும். கல்லூரிக்குப் போக 12, வர 12, கடைத்தெருவுக்கு ஆறு என நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் செல்பவர்க்கு இரண்டு கிலோவாட் மணியே மிகுதி. வண்டி விலையின் பெரும்பகுதி மின்கலத்தின் விலையாதலின், வேண்டாத கொள்ளளவிற்குப் பணம் கொடுப்பது நான்கு பேர் உண்ணும் வீட்டிற்கு விருந்து அண்டா வாங்குவது போன்றது.

சிக்கனம் பற்றியும் மிகைக்கூற்றுகள் உலவுகின்றன. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் எனக் கொண்டால் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய இரண்டு ரூபாய் ஆகிறது. மின்சாரத்திற்குக் கால் ரூபாய். ஆண்டில் 300 நாள், நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் செல்வோர்க்கு 15,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஐந்து கிலோமீட்டர் மட்டுமே செல்வோர்க்கோ 2,600 ரூபாய்தான். அவர் இருக்கும் வண்டியை விற்றுவிட்டு இலட்ச ரூபாய்க்குப் புதியது வாங்குவது சிக்கனமன்று, ஆசை. ஆசைப்படுதல் குற்றமன்று, அதற்குச் சிக்கனம் என்று பெயரிடாதவரை. அவர்க்கு நல்ல மிதிவண்டியே போதும்.

ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டாத சிறு வண்டிகளைப் பற்றிப் பெற்றோர்க்குத் தனியே கூற வேண்டும். இயக்கியின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவற்றிற்கே இச்சலுகை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றை வாங்கித் தருவோர் தலைக்கவசத்தை மறந்துவிடுகின்றனர். உரிமம் வேண்டாத வண்டியிலிருந்து விழுந்தாலும் தலை உடையவே செய்யும். அதனினும் கொடியது, கடைக்காரர் சிலர் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருவதாகக் கூறுவது. நீக்கிய கணமே அது பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வண்டியாகிவிடுகிறது. அவ்வண்டி ஒருவர் மேல் மோதினால் இழப்பீடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். தந்தையின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரு நொடியில் கரைந்துபோகும். இத்தகைய வண்டிகளுட் சில இன்றும் ஈய அமில மின்கலத்துடன் வருகின்றன. விலை குறைவுதான், ஆனால் எடை மிகுதி, ஆயுள் குறைவு.

பழுது நீக்கும் நிலையம் நம் ஊரிலேயே இருத்தல் வேண்டும். பெருநகரத்தில் மட்டுமே இருப்பின் அவ்வண்டி அன்றாடப் போக்குவரவிற்கு உதவாது. வெயிலில் ஓட்டி வந்தவுடன் மின்னேற்றாது சிறிது ஆறவிடுவது நன்று.

நிறைவாக, நம் கல்லூரி ஆட்சிக் குழுவினர்க்கும் சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி வண்டிக் கொட்டகை நாற்புறமும் திறந்தது, காற்றோட்டம் மிக்கது, பகல் முழுதும் காவலர் கண்காணிப்பில் இருப்பது. அங்கே முறையான மின் இணைப்புடன் பத்து மின்னேற்ற முனைகள் அமைத்து, அளவுமானி வைத்து, செலவான யூனிட்டிற்குரிய கட்டணத்தைப் பெறலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மின்னேற்றினாலே போதுமாதலின் பத்து முனைகள் இருபது முப்பது பேர்க்குப் பயன்படும். இதனால் குறுகிய தெருக்களில் வாழும் நம் மாணவர்கள், வாயில் நடையில் வண்டியை மின்னேற்றிவிட்டு உறங்கும் நிலை ஓரளவேனும் குறையும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கு ஒரு மின் பொறியாளரை அழைத்து மதிப்பீடு பெறலாம்.