மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைச் சட்டை

போன சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஒரு குட்டி ஊர்வலம். மாடி அறையிலிருந்து என் மாமியார் பாயும் தலையணையுமாகக் கீழே ஹாலுக்கு இறங்கி வருவார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு படியாக.

"ஃபேன் ஓடுதே அத்தை?"

"ஓடுதும்மா. மேல இருக்கிற அனலையெல்லாம் வாரி என் மேல கொட்டுது!"

அத்தை சொன்னது சரிதான். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிற கான்கிரீட் தளம், ராத்திரிதான் அதை உள்ளே கக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேல்மாடி அறை சுடுவது அதனால்தான்.

நாங்கள் உடனே ஏ.சி. வாங்கினோம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், இலவச 100 யூனிட் முடிந்து 101-வது யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு! பில்லைப் பார்த்த அத்தை ஏ.சி. ரிமோட்டையே தொடவில்லை. மறுபடி பாய், தலையணை, படிக்கட்டு.

கைப்பிடிச் சுவர் பூச வந்த கொத்தனார் பெரியவர்தான் வழி சொன்னார். அந்தக் காலத்தில் தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து இடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் அதுதான் காப்பு. நாம் செலவை மிச்சம் பிடித்து வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறோம்.

இனி தட்டோடு பதிக்க வசதியில்லை என்றால், வெள்ளையாவது அடியுங்கள் என்றார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் மழையில் கரையும். கூல் ரூஃப் பெயின்ட் விலை அதிகம், சில வருஷம் நிற்கும். நாங்கள் பெயின்ட்டே அடித்தோம், பங்குனியில். பாசியைச் சுரண்டிக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் உரிந்து வந்துவிடும். அப்புறம் அடிக்கடி பெருக்கவும் வேண்டும், அழுக்கேறிய வெள்ளையால் பெரிய பலனில்லை. ஈரச் சாக்கு விரிக்கிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீருக்கும் கேடு, தளத்துக்கும் கேடு.

வீடு ஊட்டியாகிவிடவில்லை. ஆனால் இந்தச் சித்திரையில் ஊர்வலம் இல்லை. படுத்ததும் ஒரு மணி நேரம் ஏ.சி. போட்டுவிட்டு அத்தையே அணைத்துவிடுகிறார். அவருடைய ஒரே புகார், மாடியில் வடகம் காயப்போடப் போனால் கண் கூசுகிறதாம்.