போகித் தீயும் மூல ஓலையும்

நம் திருவெண்ணெய்நல்லூரின் பெருமை பேசுவோர், கம்பரைப் போற்றிய சடையப்ப வள்ளலைப் பேசுவர். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரைப் பேசுவர். நான் பேச எடுத்துக்கொண்டது இவ்வூர் அவையில் நடந்ததாகச் சேக்கிழார் பாடிய ஒரு வழக்கு.

புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் முதியவர் ஒருவர் நுழைந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ" என்கிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலை; மூல ஓலை தம் ஊரான திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். வழக்கு இவ்வூர் அவைக்கு வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு அவையோர் கேட்கின்றனர். ஆட்சி என்பது வழிவழி வந்த நடைமுறை. ஆவணம் எழுத்துச் சான்று. அயலார் காட்சி கண்டவர் கூற்று. மூல ஓலை வருகிறது. அதிலுள்ள பாட்டனின் எழுத்தை, காப்பில் இருந்த அவருடைய வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கின்றனர். எதிரே வழக்காட வந்தவர் இறைவனே எனினும் சான்று கேட்ட அவை அது! இக்கதையை நான் பக்திக்காக மட்டும் நினைவுகூரவில்லை. என் வீட்டு வழக்கு ஒன்றுக்கு இதுவே வழிகாட்டியாயிற்று.

எங்கள் வீட்டுப் பெருமை

என் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையில் இருந்தவர். தெருவில் அவருக்கு 'ஏரோப்ளேன்காரர்' என்றே பெயர். அவர் விமானம் ஓட்டினார் என்றும், பர்மாவில் சப்பானியர் மீது குண்டு போட்டார் என்றும், ஒரு நாள் நம்மூர்க் கழனிக்கு மேலே பனைமர உயரத்தில் பறந்து வந்து தம் தாய்க்குக் கையசைத்தார் என்றும் கேட்டு வளர்ந்தவன் நான். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் இதை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டி இறங்கியது. அதில் கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டு இருந்தது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது. "இதையும் போகியில் போடு" என்றார்கள். போட்டேன். பழைய பாயோடும் முறத்தோடும் அதுவும் எரிந்தது. நான் மேளம் கொட்டிக்கொண்டு நின்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இன்று வீட்டில் ஒருவரும் அறியார்.

கல்லூரியில் வரலாறு படிக்க வந்த பிறகுதான் அந்தத் தீ என்னைச் சுடத் தொடங்கியது. பெட்டியை மீண்டும் திறந்தேன். எஞ்சியிருந்தவை: இரண்டு பதக்கங்கள், சட்டையிலிருந்து பிரித்தெடுத்த துணிச் சின்னம் ஒன்று, ஒரு நிழற்படம், ஒரு ஸ்பேனர். அவ்வளவே.

பொருள்கள் சொன்ன சாட்சி

முதலில் துணிச் சின்னம். இரண்டு இதழ் கொண்ட விமான விசிறியின் உருவம் அதில் இருக்கிறது. இதைக் காட்டித்தான் "பைலட்டுக்குக் கொடுத்தது" என்று வீட்டில் சொல்லி வந்தார்கள். ஆனால் விமானியின் அடையாளம் விரித்த சிறகு. அது இடது மார்பில், பைக்கு மேலே தைக்கப்படுவது. இரண்டு இதழ் விசிறியோ, 'லீடிங் ஏர்கிராப்ட்மேன்' என்னும் நிலையிலிருந்த படைவீரர் சட்டைக் கையில் அணிந்தது. ஆக, பெரிய தாத்தா தரையில் நின்று பணி செய்தவர்.

அடுத்து, பதக்கங்கள். ஒன்று 1939–45 போர்ப் பதக்கம். 28 நாள் முழுநேரப் பணி செய்த எவருக்கும் அது உரியது. மற்றொன்றின் பின்புறத்தில் இந்தியாவின் வரைபடம் இருக்கிறது. அது இந்தியப் பணிப் பதக்கம். போர்முனைக்கு வெளியே, இந்தியாவிற்குள் மூன்றாண்டுக் காலம் பணியாற்றியோருக்கு வழங்கப்பட்டது. பர்மாப் போர்முனையில் இருந்தோருக்குரிய 'பர்மா ஸ்டார்' என்னும் ஆறுமுனை வெண்கல விண்மீன் பெட்டியில் இல்லை. இல்லாத ஒன்றைக் கொண்டு முடிவு கட்டலாகாது, தொலைந்தும் போயிருக்கலாம். ஆயினும் இருக்கும் பதக்கம் மூன்றாண்டு உள்நாட்டுப் பணிக்குச் சான்று கூறுகிறது. குண்டு போட்ட கதைக்கு ஒரு சான்றும் இல்லை.

நிழற்படத்தில் ஐந்து இளைஞர்கள் ஒரு விமானத்தின் முன் நிற்கிறார்கள். விமானத்தின் பக்கத்தில் உள்ள வட்டச் சின்னத்தில் நடுவே வெளிறிய வட்டமும் சுற்றிலும் கருமையும் மட்டுமே காண்கின்றன. பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருப்பதே வழக்கம். சப்பானியரின் செவ்வட்டத்தோடு அது குழம்பிவிடக் கூடாது என்று, 1942-க்குப் பின் இந்தியா, பர்மா பகுதிகளில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். எனவே படம் போரின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தேதியே எழுதாத ஒரு படம் தன் காலத்தைத் தானே சொல்லிவிட்டது!

ஆயா சொன்ன சாட்சி

ஆவணம் போதாது, கண்டவர் வேண்டும். பெரிய தாத்தாவின் தங்கை இன்றும் இருக்கிறார், தொண்ணூறைக் கடந்தவர். போர்க்காலத்தில் அவர் பாவாடை கட்டிய சிறுமி. "ஆயா, தாத்தா நம்ம கழனி மேல பறந்து வந்தாராமே, பார்த்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அண்ணன் எங்கடா ஓட்டுச்சி? லீவுக்கு வந்து எங்களோடதான் கழனியில நின்னுச்சி. ஏரோப்ளேன் தாழப் போனதும் நாங்கல்லாம் பயந்து வரப்புல உக்காந்துட்டோம். அண்ணன் நிமிந்துகூடப் பாக்கல. சத்தத்த கேட்டே இன்ன எஞ்சினுன்னு பேரு சொல்லுச்சி."

விமானம் வந்தது பொய்யில்லை. பக்கத்து உளுந்தூர்பேட்டையில் போர்க்காலத்தில் அமைந்த விமான ஓடுபாதையின் எச்சம் இன்றும் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் திரள்திரளாய் ஊரை விட்டு வெளியேறினர். அச்சம் சூழ்ந்த அக்காலத்தில் தமிழகத்தில் விமானங்கள் பறந்ததில் வியப்பில்லை. பறந்த விமானத்தில் அண்ணனை ஏற்றி உட்கார வைத்தது பிற்காலத்தாரின் பாசம்.

மூன்றாவது, ஆட்சி. போர் முடிந்து ஊர் திரும்பியவர், சுற்று வட்டாரத்தில் கிணற்றுக்கு வந்த ஆயில் எஞ்சின்களையெல்லாம் பழுது பார்த்தார். எஞ்சினின் ஓசையைக் கேட்டே குற்றம் சொல்வார் என்று இன்றும் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பெட்டியிலிருக்கும் ஸ்பேனரும் அதையே சொல்கிறது. ஆவணம், அயலார் காட்சி, ஆட்சி மூன்றும் ஒத்துவிட்டன: அவர் எஞ்சின் பிட்டர்.

குறைந்தவரா அவர்?

இதைச் சொன்னபோது என் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பைலட்டை மெக்கானிக் ஆக்கிட்டியே! இதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சோமா?" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருடைய வருத்தம் எனக்கும் புரிகிறது. ஏழை வீட்டில் பெருமைப்பட இருந்தது அந்த ஒன்றுதான். ஆனால் அவர் வருத்தத்தில் ஒரு தவறான மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. மேலே பறப்பவன் உயர்ந்தவன், கீழே எண்ணெய்க் கையோடு நிற்பவன் தாழ்ந்தவன் என்னும் மதிப்பீடு அது. அதைத்தான் நான் மறுக்கிறேன்.

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-இல் தோற்றுவிக்கப்பட்டது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியின் டிரிக் ரோடில் முதற்பிரிவு தொடங்கியபோது இருந்தவை நான்கு 'வாபிட்டி' விமானங்களே. அலுவலர் ஒரு சிலர். 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட தரைப் பணியாளர் 19 பேர். போர் முடியும்போது படை சற்றேறக்குறைய 28,500 பேராக வளர்ந்திருந்தது. அதில் அலுவலர் 1,600 அளவே. எஞ்சியவர் யார்? பிட்டர், ரிக்கர், ஆர்மரர், வயர்லெஸ் இயக்குபவர் என, ஓரளவு ஆங்கிலம் படித்துவிட்டு ஊரிலிருந்து புறப்பட்ட நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்.

விமானம் ஒவ்வொன்றுக்கும் 'படிவம் 700' என்று ஒன்று உண்டு. எஞ்சினைப் பார்த்தவர், உடற்பகுதியைப் பார்த்தவர், துப்பாக்கியைப் பார்த்தவர் எல்லோரும் அதில் கையொப்பம் இட வேண்டும். அதன் பிறகே விமானி தம் கையொப்பத்தை இட்டு விமானத்தை ஏற்பார். ஒரு மரை தளர்ந்தால் போவது ஓர் உயிர். எங்கள் பெரிய தாத்தாவின் கையொப்பத்தை நம்பி எத்தனை பேர் வானேறினார்களோ! போரின் புகழேட்டில் இம்பாலில் பறந்த அர்ஜன் சிங் இடம் பெற்றார்; பெற வேண்டியவர்தாம். அவர் போன்றோரின் எஞ்சினைத் துடைத்துத் தந்தவர்களின் பெயரோ டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. அதையும் நாம் எரித்துவிட்டால் அவர்கள் எங்கே இருப்பார்கள்?

வேறொரு பேச்சும் உண்டு: "வெள்ளைக்காரனுக்கு வேலை செய்தவன்தானே?" என்பது. அதே காலத்தில் மலேயாவில் தமிழர் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தனர் என்பதை நான் மறக்கவில்லை. 1946 பிப்ரவரி 18-இல் பம்பாயில் கடற்படை வீரர் கிளர்ந்தெழுந்தபோது விமானப்படையினரும் சில இடங்களில் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் மறக்கவில்லை. பெரிய தாத்தா என்ன நினைத்தார் என்பது எரிந்த கட்டில் இருந்ததோ என்னவோ! சான்றில்லாமல் அவரைப் புகழவும் எனக்கு உரிமையில்லை. பழிக்கவும் எவர்க்கும் உரிமையில்லை.

மூல ஓலையைத் தேடுவோம்

நான் எரித்தது படி ஓலையாக இருக்கட்டும் என்பதே இப்போது என் வேண்டுதல். போர்ப் பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஓர் எண்ணும் அவர் பெயரும் பொறித்திருந்தன. அந்த எண்ணைக் குறித்துப் புது தில்லியில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்திற்கு எழுதியிருக்கிறேன். மூல ஓலை அங்கே இருக்கக் கூடும்.

மாணவத் தோழர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சில சொற்கள். பழைய பதக்கம் கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். தேய்ந்து போவது வெறும் அழுக்கு மட்டுமன்று, விளிம்பின் எழுத்தும்கூட. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் உள்ளபோதே கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். 'இராயல்' என்னும் அடைமொழி 1945 மார்ச்சில் நம் விமானப்படைக்குத் தரப்பட்டு, 1950 சனவரி 26-இல் குடியரசோடு நீங்கியது. எனவே பொத்தானிலும் கடிதத் தலைப்பிலும் உள்ள ஓர் எழுத்துகூடக் காலம் காட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1961-இல் வெளிவந்த எஸ்.சி. குப்தாவின் விமானப்படை வரலாற்று நூலைத் தேடிப் படியுங்கள். போரில் மாண்டவர் என்றால், நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடலாம்.

நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் ஏரிக்கரையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாகாதா? முகாம் நடக்கும் ஊரில் வீடு வீடாகச் சென்று, படைக்குப் போனவர், பினாங்குக்குப் போனவர், இரயில்வேக்குப் போனவர் ஆகியோரின் பெட்டிகளில் இருப்பவற்றைப் பார்த்துப் பட்டியல் எடுத்து, பொருளை அவர்களிடமே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் நம் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். முதியோர் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள், காலம் அதிகமில்லை.

போகியன்று பழையன கழியட்டும். கிழிந்த பாய் எரியட்டும். காகிதத்தை மட்டும் ஒருமுறை பிரித்துப் படித்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள் என்றே கேட்கிறேன். சித்தப்பாவும் இப்போது இறங்கி வந்துவிட்டார். பெட்டியைப் பரணிலிருந்து எடுத்துத் தம் அறையில் வைத்திருக்கிறார். சென்ற வாரம் ஸ்பேனரை எடுத்து என்னிடம் காட்டி, "இது எந்த எஞ்சினுக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.