வைத்தியர் சம்பளமும் தோட்டத்து நோயாளியும்

நம் நாட்டு அரசாங்க வைத்தியர்களின் சம்பளத்தைப் பிறநாட்டு வைத்தியர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது நியாயமானதுதானா என்று மாணவர் சிலர் எம்மை வினவினர். உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்வோருக்கு இவ்வினா எழுவது இயல்பே. ஆயின் கொழும்பிலிருந்து காணும் விடை ஒன்று. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து காணும் விடை வேறொன்று.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பட்டம் பெற்று முதலாண்டில் பணியாற்றும் இளம் வைத்தியருக்கு 2024ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 36,616 பவுண் அடிப்படைச் சம்பளம் கிடைத்தது. நம் நாணயத்தில் அது மாதம் பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டும். இங்கே புதிதாகப் பணியேற்பவரின் அடிப்படைச் சம்பளம் ஓரிலட்சத்தைக்கூடத் தொடுவதில்லை. படிகளும் மேலதிக வேலைக் கொடுப்பனவும் சேர்ந்தே அதனை உயர்த்துகின்றன. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்திற்குள் 350ஐக் கடந்தது. அதன் பின்னர் வைத்தியர் பலர் விமானம் ஏறியதை நாம் குறைகூறுவதற்கில்லை.

எனினும் நாணய மாற்று வீதம் நல்ல தராசன்று. மேற்சொன்ன இங்கிலாந்து இளம் வைத்தியர்களே விலைவாசி தம் ஊதியத்தைத் தின்றுவிட்டது என்று 2023 மார்ச்சு முதல் பன்முறை வேலைநிறுத்தம் செய்தனர். கியூபாவிலோ 2014ஆம் ஆண்டுச் சம்பள உயர்வுக்குப் பின்னும் இரு துறைகளில் நிபுணரான வைத்தியர் பெற்றது மாதம் 67 டொலர் மட்டுமே. ஒப்பிடுவோர் இலண்டனை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது நாம் சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவ மாணவர் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பவுணுக்கு மேல் கட்டணம் செலுத்துகின்றனர். அமெரிக்காவிற் கடனோடு பட்டம் பெறுவோர் தலையில் சுமார் இரண்டு இலட்சம் டொலர்க் கடன் நிற்கிறது. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில்வோர் கட்டணமின்றியே பட்டம் பெறுகின்றனர். 1945இல் கன்னங்கரா அவர்கள் நடைமுறைக்குக் கொணர்ந்த இலவசக் கல்வியின் பயன் அது. அக்காலத்து அரசாங்க வருவாயில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து அன்றோ? ஆனால், கொழுந்து பறித்தவர்களின், பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் கற்ற தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். ஒரு தலைமுறை பிந்திவிட்டது. இன்றும் சபரகமுவையில் தமிழ்மொழியில் உயிரியற் பிரிவு நடத்தும் பாடசாலைகள் மிகச் சிலவே.

வைத்தியரை உருவாக்கும் செலவிற் பங்குகொண்ட மக்களுக்கு அவ்வைத்தியர் கிட்டினாரா? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பல தோட்டங்களில் 'டொக்டர் ஐயா' என்று மரியாதையோடு அழைக்கப்படுபவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர்; தோட்ட மருத்துவ உதவியாளரே. அவருள் எத்தனையோ பேர் நள்ளிரவிலும் லயத்துக்கு நடந்து சென்று உயிர் காத்தவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவரால் இயலாதபோது நோயாளி இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போகவேண்டும். போகும் நாளில் பேர் விழாது. கூடச் செல்பவருக்கும் விழாது. வாடகை வண்டிச் செலவு வேறு.

2024 சனவரியில் வைத்தியர்களின் இடையூறு, கிடைப்பனவு, போக்குவரத்துப் படியை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆக்க அமைச்சரவை இணங்கியது. தாதியரும் ஏனைய சுகாதார ஊழியரும் தமக்கும் அவ்வாறே வேண்டுமென்று போராட்டத்தில் இறங்கினர். அந்நாளிற் தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபா. கூடிய தொகை மட்டுமே முப்பத்தைந்து நாட் பேருக்குச் சமம். எந்த மாதத்துக்கும் அத்தனை நாள் இல்லை! எனினும் இதனால் வைத்தியருக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று நாம் கருதவில்லை. கூலி குறைவு என்பதே அதன் பொருள்.

எமக்குள்ள வழக்கு அப்படியின் பெயரைப் பற்றியது. இடையூறு என்றும் போக்குவரத்து என்றும் பெயரிட்ட படியைக் கொழும்பில் இருப்பவருக்கும் தெரணியகலையில் இருப்பவருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது எவ்வாறு பொருந்தும்? நகரத்து வைத்தியர் கடமை நேரத்தின் பின் தனியார் மருத்துவமனையிற் பணம் ஈட்டச் சட்டம் இடமளிக்கிறது. இறக்குவானை மலையில் அவ்வாய்ப்பு ஏது? அங்கே ஐந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பவருக்கு இரட்டிப்புப் படி, குடியிருக்க ஒழுகாத வீடு, மேற்படிப்பில் முன்னுரிமை இவற்றைக் கொடுக்கலாம். பிள்ளைக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று தாயிடம் தமிழிற் கேட்கக் கற்றுக்கொண்ட சிங்கள வைத்தியருக்கு அதற்கெனவே தனிப்படி ஒன்றும் கொடுக்கலாம். இதனை வைத்தியர் சங்கமே முன்வந்து கேட்குமாயின், அக்கோரிக்கையில் முதற் கையொப்பம் இடத் தோட்டத்து மக்கள் தயங்கமாட்டார்கள்.