வேட்டை போகட்டும், காட்டறிவு நிலைக்கட்டும்

சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள மலையூர்களில் தந்தை பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது காட்டுக்கோழியை வீழ்த்தும் வித்தையை அல்ல. அதன் குரலையும் தடத்தையும் அறியும் கலையை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்ற 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையை விலக்கியே வைத்தது. அமெரிக்காவில் பெற்றோரும் பிள்ளைகளும் வான்கோழி வேட்டைக்குப் போகிறார்கள், பறவையும் பெருகியதே என்று கேட்கலாம். அங்கே பருவமும் எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டவை. துப்பாக்கி, தோட்டா மீதான வரி 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர் மீட்புக்குச் செல்கிறது. காப்பித் தோட்டங்களுக்கிடையே துண்டுபட்ட நம் காட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

தடையால் மரபு அழியும் என்ற கவலை நியாயமானது. ஆகவே இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைப் பறவைக் கணக்கெடுப்பில் வனத்துறை ஊதியத்தோடு அமர்த்த வேண்டும். துப்பாக்கி இல்லாமலும் அப்பனின் பின்னே பிள்ளை காடேறலாம்.