வயர் இல்லை, ஆனால் மின்சாரம் உண்டு



சென்ற முறை வெல்டிங் கண்ணாடி பற்றி எழுதியிருந்தோம். இம்முறை பற்றறியில் ஓடும் கட்டிங் கிரைண்டர் பற்றி எழுதுகிறோம். இங்கே சார்ஜா, முவைலாவில் கேற், கிறில், படிக்கட்டுக் கைப்பிடி செய்வது எங்கள் தொழில். மின்சாரம் வராத கட்டடத்திலும் ஏணியிலும் இந்தக் கிரைண்டர் பெரிய வசதி. ஊருக்குப் போகிறவர்களும் புது வீட்டு வேலைக்கென்று இதை வாங்கிக் கொண்டு போகிறார்கள்.

போன வருடம் எங்களோடு நின்ற தம்பி ஒருவன் டிஸ்க் மாற்றும்போது பற்றறியைக் கழற்றவில்லை. ஸ்பானரைத் திருப்ப, உள்ளங்கை சுவிச்சில் பட்டுவிட்டது. இரண்டு விரல்களில் ஒன்பது தையல். "பிளக்கில போடேல்லைத்தானே அண்ணை" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். வயர் உள்ள கிரைண்டரில் பிளக் கழன்று கிடப்பது கண்ணுக்குத் தெரியும். இதிலே பற்றறி உள்ளே இருக்கும்வரை பிளக் போட்ட மாதிரித்தான். டிஸ்க் மாற்றவோ, துப்பரவாக்கவோ, ஏணியில் ஏறவோ முன் பற்றறியைக் கழற்றிவிடுங்கள்.

சார்ஜ் பண்ணும்போது

இப்போது வருவது லித்தியம் பற்றறி. பழைய நிக்கல் கட்மியம் பற்றறியை முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பார்கள். இதற்கு அது தேவையில்லை. வேகம் குறைந்ததும் ஏற்றலாம்.

இதற்கு எதிரி வெப்பம். பெரும்பாலான கம்பனிகள் ஏறத்தாழ 5 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில்தான் சார்ஜ் பண்ணச் சொல்கின்றன. இங்கே ஆடி, ஆவணியில் நிழலே 40 பாகையைத் தாண்டும். பூட்டிய பிக்கப்புக்குள் கேட்கவே வேண்டாம். கடும் வேலை செய்த பற்றறி தானாகவும் சூடாகும். கழற்றிய கையோடு சார்ஜரில் போடாமல் நிழலில் ஆறவிடுங்கள். தண்ணீரிலோ பிரிட்ஜிலோ வைக்க வேண்டாம். யூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். எங்களுக்குள்ள அந்த ஓய்வு பற்றறிக்கும் வேண்டும்.

அறையில், கட்டிலுக்குக் கீழே, மெத்தையோடு ஒட்டி வைத்து இரவிரவாகச் சார்ஜ் பண்ணும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு ஒரு வாசல்தான். வெறும் சீமெந்துத் தரையில், வாசலை மறைக்காத இடத்தில், ஆட்கள் விழித்திருக்கும்போது ஏற்றுங்கள். அதற்குரிய சார்ஜரையே பாவியுங்கள். வீங்கியது, வெடித்தது, நனைந்தது எதையும் சார்ஜரில் போடாதீர்கள். புகை கண்டால் தூக்கிக்கொண்டு ஓடாமல், எல்லோரையும் எழுப்பி வெளியேறி, 997க்கு அடியுங்கள். அது தீயணைப்புப் பகுதி.

வெட்டும்போது

115 மில்லிமீற்றர் டிஸ்க்கில் பெரும்பாலும் 13,300 என்று எழுதியிருக்கும். நிமிடத்துக்கு அத்தனை சுற்றுக்கு மேல் அது தாங்காது. அந்த வேகத்தில் அதன் விளிம்பு செக்கனுக்கு 80 மீற்றர் ஓடும். உடைந்தால் துண்டும் அதே வேகத்தில்தான் வரும். கிரைண்டரின் சுற்று டிஸ்க்கின் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நடு வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருந்தால் அது காலாவதித் திகதி. புது டிஸ்க் போட்டால், முகத்தை விலக்கி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பக்கக் கைப்பிடியோடு இரண்டு கையாலும் பிடியுங்கள். மரம் வெட்டும் பல் பிளேட்டை ஒருபோதும் இதில் போடாதீர்கள். தீப்பொறி தின்னர் பக்கமோ மற்றப் பற்றறிகள் பக்கமோ போகக் கூடாது.

மூடியைக் கழற்றினால் கெதியாக வெட்டலாம் என்று மேலே நிற்பவர் சொல்லக்கூடும். ஏஜென்சிக் கடன் கழுத்தில் இருக்கும்போது மறுத்துச் சொல்வது லேசல்ல. அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. ஆனால் விரல் போனால் அந்தக் கடனை யார் கட்டுவது? காயம் பட்டால் மறைக்கவும் வேண்டாம். 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டப்படி, வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவு முதலாளியுடையது. அன்றைக்கே சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். அந்தத் தம்பியும் முதலில் துணியால் சுற்றி மறைக்கத்தான் பார்த்தான்.

ஊருக்குக் கொண்டு போகிறவர்களுக்கு

கிரைண்டரைப் பெட்டியில் போடலாம். கழற்றிய பற்றறியைப் போடக் கூடாது. அது கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளுக்கு ரேப் ஒட்டி. 18 வோல்ற்றை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 90 வாற் மணி. 100 வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே விமானக் கம்பனியிடம் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பற்றறியை ஓரிடத்திலும் கிரைண்டரை இன்னோரிடத்திலும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அவர்களுக்கும் வயர் தெரியாது.

அடுத்த இதழில் சந்திப்போம்.