கட்டுச்சோறும் கலந்தாலோசனையும்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். கடைசியா எப்போ உங்க வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில், கையில் போன் இல்லாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினீங்க? கல்யாண வீடு கணக்கில் வராது. அங்கே எல்லோரும் இருப்பாங்க, ஆனா யாருக்கும் யாரோடும் பேச நேரம் இருக்காது. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் கஷ்டமான கேள்வி.

நாம வாழ்க்கையைத் தனித்தனி ஃபோல்டரா பிரிச்சு வெச்சிருக்கோம். படிப்பு ஒரு ஃபோல்டர். சாமி ஒரு ஃபோல்டர். அரியர் பேப்பர் எழுதுற அன்னைக்கு மட்டும் அது ஓபன் ஆகும். குடும்பம் ஒரு ஃபோல்டர். டூர், ட்ரிப், ஜாலி எல்லாம் வேற ஃபோல்டர். அதுக்கு வீட்டு ஆட்களுக்கு ஆக்சஸ் கிடையாது. இப்படிப் பிரிச்சு வைக்கிறது வசதிதான். ஆனா வேலையா மேற்படிப்பா, எந்த ஊர், யாரோட கல்யாணம் என்று ஒரு பெரிய முடிவு வரும்போது நாலு ஃபோல்டரும் ஒரே நேரத்தில் திறக்கும். அப்போதான் வீட்டில் சண்டை வெடிக்குது.

நான் சொல்ல வர்றது இதுதான்: வெளியே போய் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவது, பிரார்த்தனை செய்வது, குடும்பமா ஒரு முடிவு எடுப்பது, இந்த மூணையும் ஒன்றாகச் செய்கிற ஒரு பழக்கம் நம்ம எல்லோருக்கும் தேவை. எந்த மதமா இருந்தாலும், மதமே இல்லைன்னாலும். இதை நான் எங்கிருந்து கத்துக்கிட்டேன்னா, நான் ஒரு பஹாய் குடும்பத்தில் வளர்ந்தவள்.

"பஹாயா? அப்படின்னா?" என்று நாலு வருஷமா இந்தக் காலேஜ்ல பதில் சொல்லிட்டே இருக்கேன். டெல்லிக்கு ஐ.வி. போனவங்க எல்லோரும் தாமரைக் கோயில் முன்னாடி போட்டோ எடுத்திருப்பீங்க. அதுதான் பஹாய் வழிபாட்டு இல்லம். 1986-ல் திறந்தது. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் ஃபாரிபோர்ஸ் சாஹ்பா வடிவமைச்சது. கட்டியது எல் அண்ட் டி. 27 இதழ்கள், 9 வாசல்கள். சுத்தி இருக்கிற 9 குளங்கள் அழகுக்கு மட்டும் இல்லை. தண்ணீர் மேல வர்ற குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சூடான காற்று மேல் வழியா வெளியேறும். மெக்கானிக்கல் பசங்க அதைப் பார்க்கணும். உள்ளே சிலை கிடையாது, பிரசங்கம் கிடையாது, பூசாரி கிடையாது. எந்த மதத்து வேதத்தையும் அங்கே வாசிக்கலாம். யார் வேணும்னாலும் உள்ளே போய்ச் சும்மா உட்காரலாம்.

பூசாரியே இல்லைன்னா மதம் எப்படி நடக்கும்? இங்கேதான் வீடு உள்ளே வருது. பஹாய் காலண்டரில் ஒரு மாதத்துக்கு 19 நாள், வருஷத்துக்கு 19 மாதம். பெருக்கினா 361. மீதி 4 அல்லது 5 நாளை விருந்தோம்பலுக்கும் தானத்துக்கும்னே ஒதுக்கி வெச்சிருக்காங்க. அடுத்து வர்ற 19 நாள் நோன்பு. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை தண்ணீர்கூடக் கிடையாது. அது சரியா மார்ச் மாசம், நமக்குப் பிராஜெக்ட் ரிவியூ நேரத்தில் வரும்! நோன்பு முடியும் நாளில் புத்தாண்டு, நவ்ரூஸ்.

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும், அதாவது 19 நாளைக்கு ஒருமுறை, அந்தந்த ஊர் பஹாய்கள் கூடுவாங்க. மூணு பகுதி. முதலில் பிரார்த்தனை. அடுத்தது ஊர் விஷயங்களைக் கலந்து பேசுவது. கடைசியில் சாப்பாடும் அரட்டையும். சின்ன வயசில் எனக்குப் பிடிச்சது மூணாவது மட்டும்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போ இருபத்தொரு வயசில் பார்க்கும்போது, அந்த வரிசைதான் முக்கியம்னு தோணுது. முதலில் மனசை அமைதிப்படுத்து, அப்புறம் பேசு, பேசி முடிச்சு சேர்ந்து சாப்பிடு. பேச்சில் கருத்து வேறுபாடு வந்திருந்தாலும் அதே ஆளோடதான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடணும். வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போட்டுட்டு எக்ஸிட் ஆகிற மாதிரி அங்கே முடியாது.

வெளியே போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்களோட மிகப் பெரிய பண்டிகை ரித்வான். அது நடந்த இடம் கோயில் இல்லை, தோட்டம். 1863 ஏப்ரல் மாதம். பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா, ஈரானிலிருந்து நாடு கடத்தப்பட்டு பத்து வருஷமா பாக்தாத்தில் இருந்தார். அங்கேயிருந்தும் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்பச் சொல்லி உஸ்மானிய அரசின் உத்தரவு வந்தது. கிளம்பும் முன் டைக்ரிஸ் நதிக்கு அக்கரையில் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டு 12 நாள் தங்கினார். தினமும் விடியற்காலையில் தோட்டக்காரர்கள் ரோஜாப் பூக்களைப் பறித்துக் கூடாரத்தின் நடுவில் குவிப்பார்களாம். எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்களுக்கு ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத அளவுக்குக் குவியல் இருந்ததாக நேரில் பார்த்தவர் எழுதி வெச்சிருக்கார். நதியில் வெள்ளம் வந்ததால் குடும்பத்தினரால் உடனே கடந்து வர முடியவில்லை. ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தார்கள். இன்னைக்கும் ரித்வானின் 1, 9, 12-ஆம் நாட்கள் எங்களுக்கு விடுமுறை. குடும்பம் வந்து சேர்ந்த நாளுக்கும் ஒரு லீவு! எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கவனிச்சீங்களா? முன்னாடி இருப்பது நாடு கடத்தல். ஆனா அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் பண்டிகைகளின் அரசன்னு சொல்றோம். அதன்பின் 1868-ல் அவரை அக்கா நகரக் கோட்டைக்குள் சிறை வெச்சாங்க. ஒன்பது வருஷம் ஊர்ச் சுவருக்கு வெளியே கால் வைக்கவில்லை. பசுமையைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒருநாள் அதை ஏக்கமா சொன்னார். அதைக் கேட்ட மகன் அப்துல்-பஹா ஊருக்கு வெளியே ஒரு வீட்டைப் பிடிச்சு, தோட்டம் ஏற்பாடு செஞ்சு, பைன் மரங்களுக்குக் கீழே ஊர் அதிகாரிகளையும் கூப்பிட்டு ஒரு விருந்தே வெச்சார். 1877-ல் அப்பா வெளியே வந்தார். வெளியூர் போவது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லை, மனுஷனுக்கு அடிப்படைத் தேவைன்னு எனக்குப் புரிய வெச்சது இந்தக் கதைதான். மகன் அப்பாவை வெளியே கூட்டிட்டுப் போறான். நம்மில் எத்தனை பேர் அதைச் செஞ்சிருக்கோம்?

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. ஆடிப்பெருக்குக்கு எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் கட்டிட்டு காவிரிக் கரைக்குப் போறோம். காணும் பொங்கலுக்குக் கூட்டமா கிளம்புறோம். நாங்களும் திருச்சிக்காரங்கதான், எங்க வீட்டில் வெளியே போவதுன்னா முக்கொம்பு. புளியோதரை, தயிர்சாதம், வடகம், ஒரு பழைய ஜமுக்காளம். எங்க பாட்டி இன்னைக்கும் சமயபுரம் போறவங்க, பஹாய் இல்லை. அவங்களும் வருவாங்க. நாங்க பிரார்த்தனை படிச்சு முடிச்சதும் அவங்க ஒரு பாட்டு பாடுவாங்க. அதுவும் பிரார்த்தனைதான்.

இந்த வருஷம் பிப்ரவரியில் போன ட்ரிப்பைச் சொன்னாத்தான் கலந்தாலோசனைன்னா என்னன்னு புரியும். எனக்கு புனேல வேலை கிடைச்சிருந்தது. பாட்டிக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். கூடப் போறது அம்மா. நான் ஊரில் இருந்தா அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்பாவும் சித்தப்பாவும் போன்ல பேசிப் பேசி, "அவ இங்கேயே ஏதாவது பார்க்கட்டும்" என்ற இடத்தில் நின்றது.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் எங்க வீட்டு முறைப்படி முதலில் விவரம் மட்டும்: சம்பளம் எவ்வளவு, டயாலிசிஸ் நாட்கள் எவை, யாருக்கு என்றைக்கு ஷிப்ட். அதுக்கப்புறம்தான் கருத்து. குறைவாகப் பேசுகிறவர் முதலில் பேசணும். அம்மா முதல் தடவையா, "எனக்கு முதுகு வலிக்குது, மூணு நாளும் என்னால முடியல"ன்னு சொன்னாங்க. அடுத்து பாட்டி. அளந்து கொடுத்த தண்ணியை ஒரு வாய் குடிச்சுட்டு, "என்னைய சாக்கு சொல்லி ஏன்டா அவ வேலைய நிறுத்துறீங்க? பொம்பளைங்கதான் கூட வரணும்னு எந்த டாக்டர் சொன்னான்?"னாங்க. சித்தப்பா சிரிச்சுட்டார். சிரிச்சு முடிச்சு அமைதியாகிட்டார்.

முடிவு என்னன்னா: செவ்வாய் சித்தப்பா, சனி அப்பா, வியாழன் மட்டும் அம்மா. நான் ஜூலைல புனே போறேன். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்து அப்பாவோட முறையை எடுத்துக்கணும். சம்பளத்தில் ஒரு பங்கு ஆட்டோவுக்கும் மருந்துக்கும். அங்கே வந்த யாரும் இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துட்டு வரல. பேச்சில் இருந்து வந்தது.

கலந்தாலோசனையில் ரெண்டு விதி இருக்கு. ரெண்டுமே நம்ம வகுப்புக்கு உபயோகப்படும். ஒன்னு, ஒரு யோசனையைச் சொல்லிட்டா அது உன்னோடது இல்லை, எல்லோருக்கும் பொது. அதனால் அதைத் திருத்தினா உன்னை அவமானப்படுத்தினதா ஆகாது. ரெண்டாவது, முடிவு எடுத்த பிறகு, எதிர்த்துப் பேசினவங்களும் முழு மனசோட அதை நடத்திக் காட்டணும். முடிவு தப்பா இருந்தாலுமா? ஆமாம், அப்பவும்தான்.

இதைக் கேட்டா முதலில் கோபம் வரும். ஆனா இன்ஜினியரா யோசிங்க. லேப்ல ஒரே நேரத்தில் ரெண்டு வேரியபிளை மாத்தினா ரீடிங் தப்பானதுக்கு எது காரணம்னு தெரியுமா? தெரியாது. அதே மாதிரி, பாதிப்பேர் மனசில்லாமல் வேலை செஞ்சா, திட்டம் தோத்ததா, ஆட்கள் ஒத்துழைக்காமல் தோத்ததான்னு கடைசி வரை தெரியாது. "நான் அப்பவே சொன்னேன்ல" மட்டும்தான் மிஞ்சும். எல்லோரும் சேர்ந்து செஞ்சும் தப்பாச்சுன்னா, தப்பு திட்டத்தில்தான். சீக்கிரம் தெரியும், சீக்கிரம் திருத்தலாம். பைனல் இயர் பிராஜெக்ட் டீம்கள் பாதி உடைஞ்சது எதனாலன்னு உங்களுக்கே தெரியும்.

சிலர் கேட்பாங்க: "இதெல்லாம் நல்ல அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்குச் சரி. எங்க வீட்டில் அப்பா சொன்னதுதான் சட்டம்." நியாயமான கேள்வி. பெரியவங்க கையில் அதிகாரம் இருக்கும்போது கலந்தாலோசனை வெறும் நாடகம் ஆகிவிடலாம். எங்க மதத்திலேயே எனக்கு இன்னும் முழுசா ஜீரணம் ஆகாத ஒரு விஷயம் உண்டு. பஹாய் கல்யாணத்தில் பையனும் பொண்ணும்தான் ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுக்கணும். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நல்லது. ஆனா அதுக்கப்புறம் உயிரோட இருக்கிற பெற்றோர் எல்லோரும் சம்மதிக்கணும். குடும்பங்கள் ஒன்றுபடணும் என்பது நோக்கம். நம்ம ஊரில் "சம்மதம்" என்ற சொல்லுக்குள் சாதி ஒளிஞ்சு உட்கார்ந்திருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த விதி நல்லபடி வேலை செய்யணும்னா, சாதி பார்க்காத பெற்றோர் முதலில் வேணும். அப்படிப்பட்ட பெற்றோர் கல்யாணப் பேச்சு வர்ற அன்னைக்குத் திடீர்னு உருவாக மாட்டாங்க. பத்து வருஷம் முன்னாடியே, சின்னச் சின்ன விஷயத்தில், பிள்ளைங்க பேச்சைக் கேட்டுப் பழகியிருக்கணும். என்ன டிபன், எந்த ஊர் டூர், டிவி எந்த ரூம்ல என்பதில் இருந்து. அதனாலதான் பிக்னிக்கைச் சின்ன விஷயமா நான் நினைக்கல. பெரிய பேச்சுக்கு அது ரிகர்சல்.

இன்னொரு கேள்வி: "மதத்தை உள்ளே கொண்டு வராம இதையே செய்யலாமே?" தாராளமா. மதம் மாறச் சொல்லி வற்புறுத்துவது எங்களுக்கே தடை, அதனால் பயப்படாதீங்க. பிரார்த்தனைக்குப் பதில் ரெண்டு நிமிஷம் அமைதி, ஒரு பாட்டு, ஒரு திருக்குறள் எது வேணும்னாலும் இருக்கட்டும். ஆனா ஏதாவது ஒன்னு இருக்கணும். நேரா விவாதத்தில் குதிச்சா நாம எல்லோரும் வக்கீல் ஆகிடுறோம்.

வீட்டில் ஒரு கூடம் இருப்பதன் மதிப்பு என்னன்னு தெரியணும்னா ஈரானைப் பாருங்க. அங்கே பஹாய் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு பல பத்தாண்டுகளா மூடியிருக்கு. 1987-ல் வேலையிழந்த பேராசிரியர்களும் குடும்பங்களும் சேர்ந்து பஹாய் உயர்கல்வி நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. வகுப்பறை எது தெரியுமா? வீடுகளின் கூடம். 1998-லும் 2011-லும் ரெய்டு வந்தது, ஆசிரியர்கள் ஜெயிலுக்குப் போனாங்க, வகுப்பு நிக்கல. நம்ம வயசுப் பசங்க. நாம இங்கே அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வந்துச்சான்னு கணக்குப் போட்டுட்டு இருக்கோம்.

இன்னும் கொஞ்ச நாளில் நாம ஆளுக்கொரு ஊருக்குப் போயிடுவோம். அதுக்கப்புறம் வீடுன்னா வீடியோ கால்தான். அதனால செமஸ்டர் முடிஞ்சு ஜாயினிங் டேட் வர்றதுக்குள்ள ஒரே ஒரு நாள் ஒதுக்குங்க. மலையோ ஏரியோ வேண்டாம், பக்கத்து பார்க் போதும். சோறு கட்டிட்டுப் போங்க. போனை எல்லாம் ஒரே பையில் போடுங்க. கொஞ்ச நேரம் அமைதியா இருங்க. அப்புறம் வீட்டில் நிலுவையில் இருக்கிற ஒரு விஷயத்தை, ஒன்னே ஒன்னை, நடுவில் வையுங்க. வீட்டில் யார் ரொம்பக் குறைவா பேசுவாங்களோ அவங்களை முதலில் பேசச் சொல்லுங்க. அவங்க முடிக்கிற வரை குறுக்கே பேசாதீங்க. அப்பா குறுக்கே பேசினா, "ஒரு நிமிஷம்ப்பா"ன்னு சொல்ல நீங்க தயாரா இருங்க. முடிவு வந்தாலும் வராட்டாலும், பேசி முடிச்சதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிங்க. ஜூனியர்ஸ், உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. நீங்க மாசம் ஒருமுறை பழகிப் பாருங்க.